நடுமடிப்பு

பாலாஜி முதலில் வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினான். நாற்பத்தேழு படம். கீழே, மாமாவுக்கு மணிவிழா மலர், அவசரம் என்று போட்டிருந்தான்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பாத்திரக்கடை மாடியில் இருந்தது கிருஷ்ணமூர்த்தியின் டிசைன் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏ3 பிரிண்டர், ஒரு மேசை. மேசைக்கு மேலே சுவரில் அவரே ஒட்டிய தாள்: வாட்ஸ்அப் படம் வாங்கப்படாது. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டுத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்று கேட்பார்கள்.

கடையில் வேலை பார்க்கிற தேவயானி படங்களை இறக்கிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஆயிரத்தறுநூறு பிக்சல் அகலம். போனில் பளபளவென்று இருக்கும். மலரில் இரண்டு பக்கத்துக்கு விரித்தால் முகம் முகமாக இருக்காது, கட்டம் கட்டமாக உடையும். அவளுக்கு இது ஒன்பது வருஷத் தொழில். கண்ணாலேயே தெரியும்.

"சார், இது ஆவாதுங்க. கேமராவுல எடுத்த ஒரிஜினல் ஃபைல் வேணும்" என்று போனில் சொன்னாள்.

"நல்லாத்தானம்மா இருக்கு. நான் ஐபோன்ல பாக்குறேன்."

"போன்ல நல்லாருக்குங்க. பிரஸ்ல மாமா மூஞ்சி கட்டங்கட்டமா வரும். பரவால்லிங்களா?"

மாமனார் முகம் கட்டங்கட்டமாக வந்தால் தன் முகம் என்னவாகும் என்று பாலாஜி யோசித்திருப்பான். நாளைக்கே போட்டோகிராபரிடம் வாங்கிப் பென் டிரைவில் கொண்டு வருகிறேன் என்றான்.

மாமனார் யார் என்று அவள் அப்போது கேட்கவில்லை. சாயங்காலம் மலரில் போட வேண்டிய மேட்டர் வந்தது. முதல் வரியிலேயே இருந்தது: அரியலூர் சுண்ணாம்புக்கல் தொழிலதிபர், கொடைவள்ளல், திரு. அரங்கநாதன் அவர்கள்.

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து எழுத்துப்பிழை திருத்த ஆரம்பித்தாள்.

அரங்கநாதன் அவளைப் பார்த்ததில்லை. அவளும் அவனை நேரில் பார்த்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் கலைவாணன் அவன் குவாரியில் பாறைக்கு அடியில் போனபோது, விக்கிரமங்கலத்து வீட்டுக்கு மேனேஜரைத்தான் அனுப்பினான். மாலைகூட மேனேஜர் கையில்தான் வந்தது. அன்று ஆயுத பூஜை, குவாரி லீவு, யாரும் வேலைக்கு வரவில்லை, மத்தியானம் குடித்துவிட்டு இவனாகப் பள்ளத்துக்குள் போய் விழுந்திருக்கிறான் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். கூட ட்ரில் ஓட்டுகிற முத்தமிழ் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். கலைவாணன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் அவன்தான்.

காலையில் ஆறு மணிக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுத்து அனுப்பியவள் தேவயானி. டிபன் பாக்ஸ் திரும்பி வரவே இல்லை. அதைக் காகிதத்தில் எழுத யாருமில்லை.

கலைவாணனின் அம்மா வீராயி மட்டும் ஒன்று செய்தாள். அரியலூர் ஆஸ்பத்திரியில் பிணத்தின் மேல் குனிந்து அவன் வாயை மோந்து பார்த்தாள். நிமிர்ந்து, மண் வாசம்தான் அடிக்கிறது என்றாள். அங்கிருந்து நேராகப் போய் அரங்கநாதன் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரி இறைத்தாள். கேட்டைச் சாத்திக்கொண்டார்கள். வாட்ச்மேன் பிற்பாடு பெருக்கிவிட்டான்.

ஊரில் அதற்குப் பிறகு குடிகாரன் வீடு என்று பேர் வந்தது. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாமியாரும் மருமகளும் பெரம்பலூருக்கு வந்துவிட்டார்கள். வீராயி வெங்காய மண்டியில் வாலும் தலையும் அறுக்கிற வேலைக்குப் போனாள்.

மறுநாள் பென் டிரைவ் வந்தது. பாலாஜி நல்ல மாதிரி. கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது, மாமனார் மெச்ச வேண்டும் என்று ஓடிக்கொண்டிருக்கிறவன். என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வந்திருந்தான். மாமாவுக்குத் தொப்பையைக் குறைக்க வேண்டும். கன்னத்துக் கரும்புள்ளியை எடுக்க வேண்டும். குவாரிப் படத்தை மட்டும் இரண்டு பக்கத்துக்கு விரிக்க வேண்டும், அது மாமாவுக்கு ரொம்பப் பிடித்த படம். அதில் தாடைக்குக் கீழே தொங்குகிற மாஸ்க்கை எடுக்க வேண்டும். பின்னால் தூசியும் ஒரு ஆளும் அசிங்கமாக இருக்கிறது, அதையும் எடுக்க வேண்டும்.

அவன் போன பிறகு அவள் அந்தப் படத்தைத் திறந்தாள்.

ஆறாயிரம் பிக்சல் அகலம். நல்ல கேமரா, நல்ல வெளிச்சம். கல் அள்ளுகிற புது ஹிட்டாச்சிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, முன்னால் பூசணிக்காய் உடைத்துக் குங்குமம் கொட்டியிருந்தது. நடுவில் வெள்ளை வேட்டியில் அரங்கநாதன். அவன் தோளுக்கு வலப்புறம், ஒரு படி கீழே, வெள்ளையாகத் தூசி எழும்பியிருந்தது. தூசிக்குள் ட்ரில் மிஷின். மிஷின் பக்கத்தில் ஒரு ஆள்.

வாட்ஸ்அப் படத்தில் அந்த ஆள் ஒரு மஞ்சள் புள்ளி. அதை அவள் நேற்றே பார்த்திருந்தாள், புள்ளியாகத்தான்.

நூறு சதத்துக்குப் பெரிதாக்கினாள். இடது முட்டியை மடக்கிச் சாய்ந்து நிற்கிற நிலை தெரிந்தது. இருநூறுக்குப் போனாள். மஞ்சள் ஹெல்மெட்டில் சிவப்பாக எழுத்து. நானூறில் எழுத்துக்கு விளிம்பு வந்தது. வாணன். அது பெயிண்ட் இல்லை, நெயில் பாலிஷ். மூன்று ஹெல்மெட் தொலைந்து போனதற்குப் பிறகு, முழுப் பேருக்கு இடமில்லாமல் பாதிப் பேரை அவளே எழுதியது. ன் மேலே புள்ளி வைக்கும்போது கை தட்டி, புள்ளி கொஞ்சம் நீளமாக இழுத்துவிட்டது. படத்திலும் அது நீளமாக இருந்தது.

அவன் கேமராவைப் பார்க்கவில்லை. மேலே பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஃபைலின் விவரத்தைத் திறந்தாள். பதினான்கு, பத்து, இரண்டாயிரத்து இருபத்தொன்று. காலை பத்து ஐம்பத்திரண்டு. பாறை விழுந்தது பதினொன்றரைக்கு என்று பிற்பாடு யாரோ சொல்லிக் காதில் விழுந்திருந்தது.

எதிர் மேசையிலிருந்து கிருஷ்ணமூர்த்தி, என்ன, படம் தேறுமா என்று கேட்டார். தேறும் என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மொட்டைமாடிக்குப் போய் அரியலூர் வக்கீல் அனிதாவுக்குப் போன் செய்தாள். அன்றைக்கு அவன் வேலையில் இருந்தான் என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டு இருந்தாலும் போதும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். விஷயத்தைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார். பிறகு குரல் இறங்கியது.

"படம் யாரு கையிலேர்ந்து வருதும்மா?"

"என் கையிலேர்ந்துதாங்க."

"நீ என்ன வேலை பாக்குற?"

"போட்டோ டிசைனுங்க."

"அதத்தான் அவன் வக்கீலும் கேப்பான். செத்தவன் பொண்டாட்டி போட்டோ டிசைன் பண்றவ. இல்லாத ஆளை ஒட்டுறது, இருக்குற ஆளை எடுக்குறதுதான் அவளுக்குப் பொழப்பு. இவளே புருஷனைக் கொண்டாந்து வச்சிட்டான்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவான். படம் உண்மைன்னு அவன் வாயால சொல்லணும். இல்ல அவன் கையால எழுதணும். பாரு, ஏதாச்சும் வழி இருக்கான்னு."

வழி இருந்தது. மேசை டிராயருக்குள், பழைய கஸ்டமர்கள் கையெழுத்துப் போட்ட தாள்கட்டாக இருந்தது. கிருஷ்ணமூர்த்தி கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. பக்கம் எல்லாம் முடிந்ததும் தாளில் அச்சடித்து, கஸ்டமரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவார். பேர், தேதி, ஊர் எது வந்தாலும் கஸ்டமரே பேனாவால் எழுத வேண்டும். ஒருமுறை கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேருக்குப் பதிலாக மாப்பிள்ளையின் அண்ணன் பேர் போய், பெண் வீட்டார் மாடிப்படி வரைக்கும் வந்து கத்திவிட்டுப் போனதிலிருந்து அந்த வழக்கம்.

அன்று சாயங்காலம் அந்த இரட்டைப் பக்கத்தை மட்டும் ஏ3 தாளில் அச்செடுத்துச் சுருட்டிக்கொண்டு மண்டிக்குப் போனாள். மழை வரும்போல இருந்தது. மண்டிக்காரர்கள் மூட்டைகளின் மேல் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வீராயி தகரக் கொட்டகைக்குள் சாக்கு விரித்து உட்கார்ந்து, அரிவாள்மணையைக் காலால் அழுத்திக்கொண்டு சின்ன வெங்காயத்துக்கு வால் அறுத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் சருகு பறந்தது. பக்கத்திலிருந்த பாப்பாயி, என்ன, மருமவ வேல நேரத்துலயே மாமியாளத் தேடி வந்துட்டா, எங்களுக்கும் இப்படி ஒருத்தி வாய்க்கலியே என்றாள். வீராயி, உன் வாய்க்கு எவ வருவா என்றாள்.

இருவரும் கொட்டகையின் ஓரத்துக்கு வந்தார்கள். தேவயானி தாளை விரித்துப் பிடித்தாள்.

வீராயி அரங்கநாதனைத்தான் முதலில் பார்த்தாள். பல்லைக் கடித்தாள். அப்புறம் கண் நகர்ந்தது.

"இவன் ஏன் இங்க நிக்கிறான்" என்றாள்.

"வேல பாக்குறாங்க அத்த. அன்னிக்கி எடுத்தது."

"பூச அன்னிக்கா?"

"ஆமா."

"பூச போட்ட அன்னிக்கி மிஷின எவனாச்சும் தொடுவானா? மம்பட்டியக்கூட நம்ம தொட மாட்டோமே." அவள் தாளைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். கை முழுக்க வெங்காயச் சாறு. "இவன் சாமி கும்புட, அங்க எம்புள்ளய ஓட்டச் சொல்லியிருக்கான். லீவுன்னு எழுதிக் குடுத்தானே."

"இந்த ஆள அழிக்கச் சொல்லி எழுதிக் குடுத்துருக்காங்க அத்த. எங்கிட்ட."

வீராயி அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் அழுகை இல்லை. மூன்று வருஷமாக வெங்காயம் அறுத்து அந்தக் கண்ணுக்கு இனித் தண்ணீர் வராது என்று பாப்பாயி சொல்வாள்.

"எம்புள்ளய அழிக்காத. அவன் மூஞ்சிய அழிச்சிப்புடு."

"அழிச்சா கண்டுபுடிச்சிடுவாங்க அத்த. பக்கத்துக்குப் பக்கம் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவான்."

தூறல் விழுந்தது. நனைந்துவிடப் போகிறது என்று வீராயி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி இரண்டாக மடித்தாள். மடித்ததும் விரித்தாள். மடிப்பு நடுவில், ஹெல்மெட்டின் மேல், நெற்றி வழியாக இறங்கியிருந்தது.

"ஐயையோ, எம்புள்ள மேலயே வுழுவுதே" என்றாள். விரலால் நீவிவிட்டாள். பிறகு தாளைக் கொஞ்சம் நகர்த்தி, அரங்கநாதன் மூக்கின் மேல் வைத்து மடித்தாள். கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து கீழ்வரை அழுத்தி இழுத்தாள். அந்த நகம் அரிவாள்மணை பட்டுப் பட்டுத் தடித்துப் போனது. "அவன் மேல வுழட்டும்" என்றாள்.

தேவயானி அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலர் நூற்றிருபது பக்கம். நூல் தைப்பு இல்லை, முதுகில் பசை போட்டு ஒட்டுகிற கட்டு. அந்தக் கட்டில் புத்தகம் தட்டையாக விரியாது. நடுவில் இடது பக்கம் எட்டு மில்லி, வலது பக்கம் எட்டு மில்லி உள்ளே போய்விடும். இரட்டைப் பக்கப் படத்தில் மடிப்பில் முகம் விழக் கூடாது என்பது அவள் தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது. தட்டையான தாளில் பார்க்கும்போது இது யாருக்கும் தெரியாது. கட்டின பிறகுதான் தெரியும்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனதும் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். முந்தின நாள் வைத்தபடி அரங்கநாதன் இடப்பக்கத்தில் முழுசாக இருந்தான். வாணன் நடுக்கோட்டில் இருந்தான். படத்தில் இரண்டு பக்கமும் வெட்டிப் போட இடம் மிச்சம் இருந்ததால் நகர்த்த முடியும். இருவரையும் காப்பாற்ற வழியிருந்தது. இரண்டு செண்டிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தினால் போதும்.

அவள் ஐந்து நகர்த்தினாள்.

நடுக்கோடு அரங்கநாதனின் நெற்றிப் பொட்டில் இறங்கி மூக்கு வழியாகப் போயிற்று. வாணன் வலப்பக்கத்தில் எந்த விளிம்பும் தொடாமல் நின்றான்.

அப்புறம் மற்ற வேலைகளைச் செய்தாள். தொப்பையைக் குறைத்தாள். மாஸ்க்கை எடுத்து, அது மறைத்திருந்த கழுத்துக்கு வேறு படத்திலிருந்து தோல் எடுத்து நிரப்பினாள். வேர்வைப் பளபளப்பைத் தணித்தாள். அரங்கநாதன் முகத்தில் அவள் ஒரு மணி நேரம் வேலை பார்த்தாள். இவ்வளவு நன்றாக அவள் யாருக்கும் செய்ததில்லை. பிரஸ்ஸில் ஓரம் வெட்டுவதற்கு நாலா பக்கமும் மூன்று மில்லி விட்டாள். படத்தை அச்சுக்கான நான்கு நிறத்துக்கு மாற்றினாள். மாற்றும்போது மஞ்சள் மங்கும். அந்த ஹெல்மெட்டை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து, மங்காமல் பார்த்துக்கொண்டாள். கோடு கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கடைசியாக இன்னொரு பிரதி எடுத்தாள். அதில் பாலாஜி எழுதிக் கொடுத்தபடி தூசியையும் ஆளையும் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டையும் அருகருகே வைத்தால்தான் அரங்கநாதன் வாயிலிருந்து சொல் வரும். பக்கத்துப் பாறையிலிருந்து கல் எடுத்து முதலில் காலை மூடினாள். பிறகு இடுப்பு. ஹெல்மெட்டுக்கு வந்ததும் எழுந்து போய் ஜன்னலில் நின்றாள். கீழே துறையூர் பஸ்காரன் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். பஸ் கிளம்பியதும் வந்து உட்கார்ந்து மீதியையும் மூடினாள். ஆறு தடவை மௌஸை அழுத்த வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை அரங்கநாதன் வந்தான். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. பாலாஜி பின்னால் மாமனார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வராததுதான் குறை. கிருஷ்ணமூர்த்தி நாற்காலி போட்டு, டீ சொன்னார். அரங்கநாதன் பக்கங்களைப் புரட்டினான். ஒவ்வொன்றிலும் தன்னைப் பார்த்து, தலையை ஆட்டி, கையெழுத்துப் போட்டான். கலகலவென்று பேசுகிற ஆளாக இருந்தான். அவள் இந்த மூன்று வருஷமும் வேறு ஒருவனை மனதில் வைத்திருந்தாள்.

முப்பத்திரண்டாம் பக்கமும் முப்பத்து மூன்றாம் பக்கமும் சேர்ந்த தாள் வந்தது. தேவயானி இரண்டு பிரதியையும் மேசையில் விரித்தாள்.

"இதுல ஒன்னு முடிவு சொல்லணுங்க. சார் தூசிய எடுக்கச் சொன்னாரு. எடுத்துப் பாத்தேன். பின்னாடி வெறும் பள்ளமாத் தெரியுது, மூடிக் கெடக்குற குவாரி மாதிரி. எடுக்காம ஒன்னு வச்சிருக்கேன். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

"தூசி அசிங்கமா இருக்குன்னுதான் மாமா—" என்றான் பாலாஜி.

"தூசி இல்லாட்டி அது குவாரியா மாப்ள? கல்யாண மண்டபத்துல நின்ன மாதிரியில்ல இருக்கு. ஓடுற குவாரின்னு பாக்குறவனுக்குத் தெரிய வேணாமா? இதையே போடும்மா, தூசி இருக்குறத."

"அதுல ஒரு ஆளும் நிக்கிறாருங்க."

"எந்த ஆளு?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள். அரங்கநாதன் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தான். அவன் பார்க்கிற வரைக்கும் அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இந்த நொடியில் அவனுக்குத் தெரிந்துவிட்டால் எல்லாம் போயிற்று. ஆனாலும் தெரிந்துவிட வேண்டும் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று அடித்துக்கொண்டது.

"வாணன்" என்று வாய்விட்டுப் படித்தான். "பேரெல்லாம் எழுதி வச்சிருக்கானுவோ பாருங்க மாப்ள, ஹெல்மெட்ல. எவனோ ட்ரில் ஓட்டுறவன். இருந்துட்டுப் போறான், வுடு. என்ன, படம் பளிச்சுன்னு இருக்கு. நல்ல வேலக்காரிம்மா நீ."

"கீழ ஒரு வரி போடணுங்க. என்னிக்கி எடுத்தது, என்ன விசேஷம்னு. தேதியெல்லாம் கஸ்டமர்தான் எழுதணும். கடை வழக்கம்."

பாலாஜி போனில் தேடித் தேதியைச் சொன்னான். அரங்கநாதன் மேசையில் கயிற்றில் கட்டியிருந்த பேனாவை எடுத்து, படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதினான். 14.10.2021. ஆயுத பூஜை. நமது குவாரியில். அந்தத் தேதியில் பேனா கொஞ்சம் நிற்கும் என்று அவள் நினைத்திருந்தாள். நிற்கவில்லை. கையெழுத்துப் போட்டு, சுழித்து, கீழே இரண்டு கோடு இழுத்தான்.

டீயைக் குடித்துவிட்டுப் போனான். போகும்போது மணிவிழாவுக்கு நீயும் வரணும்மா என்றான். வரேங்க என்றாள்.

சிவகாசிக்கு ஃபைல் ஏற்றுவதற்கு முன்னால் கிருஷ்ணமூர்த்தி எப்போதும் ஒருமுறை எல்லாப் பக்கத்தையும் பார்ப்பார். வேறு கம்ப்யூட்டரில் உடையாதபடி எழுத்துகள் எல்லாம் கோடாக மாறியிருக்கிறதா, எந்தப் படமாவது முந்நூறு டிபிஐக்குக் கீழே இருக்கிறதா, கறுப்பு சரியாக இருக்கிறதா. பிரஸ்காரன் ஒருமுறை திருப்பி அனுப்பினால் அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. முப்பத்திரண்டாம் பக்கத்தில் அவர் கை நின்றது.

"தேவயானி, நடுக்கோடு எங்க போவுதுன்னு பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"மூஞ்சி மேல போவுது."

"தெரியும்ணே."

அவர் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் அவள் ஒரு முகத்தை, ஒரு குழந்தையின் கையைக்கூட மடிப்பில் விட்டதில்லை என்று அவருக்குத் தெரியும். இப்போது கடையில் சேர்ந்த பிறகு மட்டுமில்லை, முன்பு ஜெயங்கொண்டத்தில் கல்யாண ஆல்பம் செய்த காலத்திலிருந்தே அவள் வேலையை அவர் அறிந்தவர். அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். பெரிதாக்கினார். ஹெல்மெட்டில் எழுதியிருந்ததைப் படித்தார். அவள் செல்போனின் முகப்பில் அவர் தினமும் பார்க்கிற ஆள்.

மௌஸிலிருந்து கையை எடுத்தார்.

"பிரஸ்லேர்ந்து கேட்டா என்னா சொல்ற?"

"கஸ்டமர் பாத்துக் கையெழுத்துப் போட்டதுன்னு சொல்லுங்க."

"கடைக்குக் கெட்ட பேரு வரும்."

"வரும்ணே. என் பேரச் சொல்லி என்னை நிறுத்திட்டதாச் சொல்லிடுங்க."

"அதெல்லாம் நான் பாத்துக்குறேன்." அவர் படத்தைப் பழையபடி சின்னதாக்கினார். "கையெழுத்து பத்திரமா இருக்கா?"

"வக்கீலம்மாகிட்ட இருக்கு. ஒரிஜினல் ஃபைலும். நம்மகிட்ட ஜெராக்ஸ்தான்."

"அப்ப அனுப்பு" என்றார். எழுந்து டீ குடிக்கக் கீழே போனார். திரும்பி வரும்வரை ஃபைல் ஏறிக்கொண்டிருந்தது.

மணிவிழா அரியலூரில் பெரிய மண்டபத்தில். சிவகாசியிலிருந்து பார்சல் சர்வீஸில் வந்த ஆயிரம் மலரையும் சரிபார்க்கத் தேவயானிதான் போக வேண்டியிருந்தது. வீராயியும் வருவேன் என்றாள். முந்தின நாள் மண்டிக்குப் போகவில்லை. புளியைக் கரைத்துக் கரைத்துக் கையைக் கழுவினாள். வெங்காய வாசம் போகவில்லை.

மூன்றாவது வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். முன்னால் சொந்தக்காரர்கள், பிறகு ஆபீசர்கள், வியாபாரிகள். பின்னால் சுவரை ஒட்டிக் குவாரி ஆட்கள், அன்றைக்கு மட்டும் சட்டைக்குத் தேய்ப்புப் போட்டு வந்தவர்கள். சமையல்கட்டிலிருந்து பாயசத்துக்கு முந்திரி வறுக்கிற வாசம் வந்தது. மாலை, பொன்னாடை, வாழ்த்து எல்லாம் முடிந்து, மலர் வெளியிடுவார்கள் என்று மைக்கில் சொன்னார்கள்.

மலரைக் கூட்டத்தில் கொடுத்துக்கொண்டு வந்தவர்களில் முத்தமிழும் இருந்தான். உடம்பு பெருத்திருந்தது. இப்போது சூப்பர்வைசர் என்று சொன்னார்கள். மூன்றாவது வரிசைக்கு வந்தவன், கைநீட்டின பிறகுதான் யாரென்று பார்த்தான். கை அப்படியே நின்றது.

"நல்லாருக்கீங்களா சித்தி" என்றான் வீராயியிடம்.

வீராயி மலரை வாங்கினாள். எழுத்து தெரியாது. ஆனால் தேவயானி வீட்டில் பக்கத்தை எண்ணிக் காட்டியிருந்தாள். புரட்டி, விரித்து, அவன் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள்.

"உங்கூட்டாளி வந்துருக்கான், பாரு" என்றாள். "அன்னிக்கி வல்லன்னு எழுதிக் குடுத்தியே."

முத்தமிழ் பார்த்தான். கையிலிருந்த கட்டிலிருந்து இரண்டு மலர் நழுவிக் கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை. மீதியை அங்கேயே நாற்காலியில் வைத்துவிட்டு நடைபாதை வழியாக வாசல் பக்கம் போனான்.

பின்னால் சுவரோரம் முதலில் ஒருத்தன்தான் சொன்னான், இது நம்ம வாணன்ல. பக்கத்திலிருந்தவன் எட்டிப் பார்த்தான். அப்புறம், ஆயுத பூஜன்னு போட்ருக்குடா, பூச அன்னிக்கி ட்ரில்லு ஓடுது என்று ஒரு குரல். கீழே போட்டிருக்கிற தேதியை ஒருத்தன் சத்தமாகப் படித்தான். யாரும் கத்தவில்லை. ஒவ்வொருத்தராகப் புரட்டி ஒரே பக்கத்தில் நின்றார்கள். தாள் புரட்டுகிற சத்தம் பின்னாலிருந்து முன்னால் வந்தது. தொழிலாளர் ஆபீஸிலிருந்து வந்திருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் மடியிலிருந்ததையும் எடுத்துப் பிரித்தார்.

மேடையில் அரங்கநாதன் கையில் முதல் பிரதி இருந்தது. போட்டோகிராபர் விரித்துப் பிடிக்கச் சொன்னான். அவனுக்குப் பிடித்த பக்கத்தைத் தேடி விரித்தான்.

முகம் இல்லை. இடது பக்க ஓரத்தில் ஒரு காதும் கன்னமும் இருந்தது. வலது பக்க ஓரத்தில் இன்னொரு காது. நடுவில் இருந்ததெல்லாம் மடிப்புக்குள் போயிருந்தது. அவன் இரண்டு கட்டைவிரலையும் நடுவில் வைத்து அழுத்தினான். ஒரு கண்ணின் ஓரம் மட்டும் வந்தது. பாலாஜி உதவிக்கு வந்து எதையோ சொன்னான். அரங்கநாதன் அவனைத் தள்ளிவிட்டு, மலரை மடியில் வைத்து முழங்கையால் அழுத்தினான். முதுகுப் பசை விட்டது. மைக் பக்கத்தில் இருந்ததால் அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

பக்கம் பிய்ந்து வந்து இரண்டு கையிலும் இரண்டு பாதியாக நின்றது. இடது கையில் இருந்ததில் பாதி அவன். வலது கையில் இருந்ததில் பாதி அவன், பின்னால் தூசி, தூசியில் முழுசாக ஒரு ஆள். அவன் அதைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு கீழே, தன் கையால் எழுதிக் கொடுத்த வரியைப் பார்த்தான். இந்தமுறை தேதியில் நின்றான்.

நிமிர்ந்தான். மண்டபத்தில் எல்லாரும் மடியில் ஒரே பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார்கள். அவன் கண் வரிசை வரிசையாகத் தேடி, மூன்றாவது வரிசையில் தேவயானியிடம் வந்தது. நல்ல வேலக்காரி என்று அவன் சொன்னவள். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

வீராயிதான் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. முன்வரிசைத் தலைகள் மறைத்தன. அவள் நாற்காலிக் கையைப் பிடித்து மெல்ல எழுந்து நின்றாள், நன்றாகத் தெரியட்டும் என்று.